வாகன நிறுத்துமிடம் போல ஒரு சிறை

ஹாங்காங் குங்ஃபூ படங்களில், சிரிப்பதற்கென்றே தேடிப் பார்க்கப்படுபவை என்று ஒரு வரிசை உண்டு. லாம் நை-சோய் இயக்கி 1991-இல் வெளிவந்த ‘ரிக்கி-ஓ’வுக்கு அதில் முதலிடமே தரலாம். நாயகனின் கை நரம்பு அறுபடுகிறது. அவன் பல்லாலேயே அதை முடிச்சுப்போட்டுக்கொண்டு சண்டையைத் தொடர்கிறான். எதிராளி தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு, சொந்தக் குடலால் அவன் கழுத்தை நெரிக்க முற்படுகிறான். துணை வார்டனுக்கு ஒரு கை கொக்கி. கண்ணாடிக் கண்ணுக்குள் புதினா மிட்டாய். ரத்தம் சிவப்புச் சாயமென்பது குழந்தைக்கும் தெரியும். 1988-இல் ஹாங்காங்கில் நடைமுறைக்கு வந்த தணிக்கை முறையில், வயதுவந்தோர்க்கு மட்டுமான மூன்றாம் பிரிவுச் சான்றிதழே இதற்குக் கிடைத்தது.

இத்தனை கூத்துக்கும் முன்னால் திரையில் ஒரு முன்னுரை வருகிறது. கதை நிகழும் ஆண்டு 2001. முதலாளித்துவ நாடுகளில் அரசுப் பணிகள் எல்லாம் தனியார் வசமாகிவிட்டன. வாகன நிறுத்துமிடங்களைப் போலச் சிறைகளும் குத்தகைத் தொழிலாகிவிட்டன. சிரிக்கக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. என் பார்வையில் படத்தின் ஆகத் தீவிரமான இடம் இதுவே.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் சிறை நடத்துவதற்கென்றே ஒரு நிறுவனம் 1983-இல் டென்னஸி மாநிலத்தில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் முதல் தனியார் சிறையான வோல்ட்ஸ் திறக்கப்பட்டது 1992-இல், அதாவது படத்துக்கு அடுத்த ஆண்டு. படம் குறித்த அதே 2001-இல் அமெரிக்கத் தனியார் சிறைகளில் 90,000-க்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தனர். ஹாங்காங்கின் சிறைகளோ அரசுத் துறையின் கையிலேயே இருந்தன. கதையின் மூலமும் ஜப்பானிய மாங்காதான்: மசாஹிகோ தகாஜோ எழுத, தெட்சுயா சருவதாரி வரைந்து, 1987 முதல் 1990 வரை தொடராக வந்தது.

லாபக் கணக்கைப் படம் தன் போக்கில் புரிந்தே வைத்திருக்கிறது. சிறை வளாகத்தில் கைதிகளின் உழைப்பில் அபின் செடி வளர்கிறது. ரிக்கி அதற்குத் தீ வைக்கிறான். அவன் காதலியின் சாவுக்கும் போதைப்பொருள் கும்பலே காரணம் என்பதால், அந்தத் தீயில் சொந்தப் பழியும் சேர்ந்து எரிகிறது.

ஆனால் குத்தகை கொடுத்தவர் யார், எடுத்தவர் யார்? கடைசிவரை ஒருவரும் கண்ணில் படுவதில்லை. குற்றமெல்லாம் வார்டன் தலையில் விழுகிறது. அவன் அரக்கனாக வீங்கி, இறைச்சி அரைக்கும் எந்திரத்துக்குள் போய்ச் சேர்கிறான். ரிக்கி மதிலைக் குத்தித் தகர்த்து, கைதிகளிடம் அவர்கள் விடுதலையடைந்துவிட்டதாக அறிவிக்கிறான். ஒப்பந்தத்தாளுக்கு முகம் கிடையாது, அதைக் குத்துவதெப்படி? அமெரிக்காவில் மத்திய அரசின் தனியார் சிறை ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கக் கூடாதென்று 2021-இல் ஜோ பைடன் பிறப்பித்த ஆணையை, 2025-இல் டொனால்ட் டிரம்ப் ஒரு கையெழுத்தில் நீக்கினார்.

நாயகன் ஃபான் சியு-வொங்குக்கு அப்போது 18 வயதளவே. கொக்கிக்கை துணை வார்டனாக வருபவர் அவருடைய தந்தை ஃபான் மெய்-ஷெங். ரோகன் என்னும் ஆண் பாத்திரத்தில் நடித்திருப்பவர் யுகாரி ஓஷிமா என்னும் பெண். 2008-இல் வந்த ‘இப் மேன்’ படத்தில் வடக்கிலிருந்து வந்து ஊர்ப் பள்ளிகளை அடித்து நொறுக்கும் முரடனை நினைவிருக்கிறதா? அவர் இதே ஃபான் சியு-வொங்தான். பார்க்க விரும்புவோர் சாப்பிட்டுச் சில மணிநேரம் கழித்துப் பார்ப்பது நலம்.