தணிகை மாந்தோப்பும் வடக்கெல்லையும்

திருத்தணியைப் பற்றி எழுதப் புகுவோர் 365 படிகளையும் எண்ணி மலையேறிவிடுவதே வழக்கம். நந்தியாற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலை எட்டிப் பார்ப்பவர் குறைவு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி அது. அரசனே பாடியதாகச் சொல்லப்படும் வெண்பா ஒன்றும் அங்கே கல்லில் இருக்கிறது. ஆறோ மழைக்காலத்தில் பெருகிக் கொசத்தலையாற்றில் கலந்து பூண்டிக்குப் போகும். கோடையில் வெறும் மணல்தான்.

கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டுவது இவ்வூருக்குச் செய்தியே அல்ல. வெளியூரார் அலுத்துக்கொள்ளும் இந்த வறட்சிதான் மாவுக்கு வரம். மார்கழியில் பருவமழை ஓய்ந்து, நிலம் காய்ந்து, இரவு குளிர்ந்தால்தான் மரம் தளிர்விடுவதை நிறுத்திப் பூவெடுக்கும். தை, மாசியில் தூறல் விழுந்தாலோ மூடுபனி கவிந்தாலோ பூங்கொத்து கருகும். தத்துப்பூச்சி விழுந்த மரத்தில் இலையெல்லாம் பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும். அனுபவப்பட்ட தோப்புக்காரர் இலையைத் தடவிப் பார்த்தே காய்ப்பைக் கணித்துவிடுவார். பங்கனப்பள்ளி ஓராண்டு குலுங்கினால் மறு ஆண்டு ஓய்ந்துகொள்ளும். நீலமும் கிளிமூக்கும் ஏறத்தாழ ஆண்டுதோறும் தரும், விலைதான் தராது.

அதற்கு எல்லையும் ஒரு காரணம். ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லையை வகுக்க அமர்த்தப்பட்ட படாஸ்கர் ஊர் ஊராக மொழியைக் கணக்கெடுத்துக் கோடு போட்டார். தோப்புகளைக் கணக்கெடுப்பது அவர் வேலையல்ல. பொன்பாடியைத் தாண்டினால் நகரி. அதே வெயில், அதே மா. ஆனால் கிளிமூக்கை டன் கணக்கில் வாங்கும் பழக்கூழ் ஆலைகள் சித்தூர்ப் பக்கம்தான் பெருகின.

2025 ஜூனில் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தது. தங்கள் உழவரைக் காக்க, வெளிமாநிலக் கிளிமூக்கு உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. எல்லைச் சாவடிகளில் கண்காணிப்பும் வைத்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதமே எழுதினார். சித்தூரைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை விழுந்தால் எந்த மாவட்டமும் தன் ஆட்களைத்தான் முதலில் பார்க்கும். எல்லை மீட்ட தியாகிகளுக்கு மலர் வெளியிடும் நாம், எல்லைக்கு இப்பாலும் கூழாலைகள் பெருக வேண்டும் என்று அரசிடம் கேட்டிருக்க வேண்டாமா?