டோனாவூர் அம்மாவின் கடைசி இருபது ஆண்டுகள்



ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உங்களில் பலருக்குத் தெரியும். 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்தார். பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளை டோனாவூரில் வைத்து வளர்த்தார். அதைத்தான் எல்லோரும் பேசுவோம். நான் சொல்ல வருவது பிற்பாடு நடந்தது.

1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்த நேரம். கழிப்பறைக்காகப் புதிதாகத் தோண்டியிருந்த குழி கண்ணில் படவில்லை. விழுந்ததில் கால் முறிந்தது, முதுகிலும் அடி. சீக்கிரம் எழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நம்பினார்கள். 1951 ஜனவரி 18இல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை பெரும்பாலும் அந்த அறைதான், வலியும் கூடவே. ஜெபிக்க ஆள் இல்லாமலா? டோனாவூரே ஜெபித்தது.

படுக்கையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். 1933இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளி நோயாளிகளுக்கு எழுதியது. சுகமாயிருப்பவர்கள் எழுதும் ஆறுதல் பிரசுரங்கள் தமக்கு உதவவில்லை என்று அதில் மறைக்காமல் சொல்கிறார். ஒரு மிஷனரி அப்படி எழுதியது எனக்குப் பெரிய தைரியம்.

ஏனென்றால் என் மனைவி பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகிறது. விசுவாசம் குறைவோ என்று சிலர் அவளிடமே கேட்டுவிட்டீர்கள். அன்பாகத்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனாலும் அன்று இரவு அவள் தூங்கவில்லை. இடது கையால் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டே கிடந்தாள்.

வீட்டுக்குத் தாராளமாக வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் விழித்திருப்பாள். ஜெபியுங்கள், பழைய கதை பேசுங்கள். அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்.