லென்டா.ரு: ஒரு செய்தித்தளமும் அதன் உரிமையாளர்களும்

லென்டா.ரு மாஸ்கோவிலிருந்து உருசிய மொழியில் வெளிவரும் இணையச் செய்தித்தளம் ஆகும். லென்டா என்றால் நாடா. தொடர்ந்து ஓடும் செய்தி வரிசையையும் அச்சொல் குறிக்கும். கிளெப் பவ்லோவ்சுக்கியின் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் ஆதரவுடன் அன்டோன் நோசிக் இதனை 1999 இல் தொடங்கினார். பவ்லோவ்சுக்கி அப்போது கிரெம்ளினுக்கு ஆலோசகர். ஆகவே அதிகாரத்தின் நிழல் தொடக்கத்திலேயே இருந்தது எனலாம்.

பின்னர் தளம் ராம்ப்ளர் குழுமத்தின் கைக்கு மாறியது. 2004 முதல் தலைமை ஆசிரியராக இருந்த கலினா திம்சென்கோவின் காலத்தில், உருசியாவில் மிகுதியாகப் படிக்கப்படும் செய்தித்தளங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2013 இல் நிகழ்ந்த நிறுவன இணைப்பை அடுத்து, செல்வந்தர் அலெக்சாந்தர் மாமுத்தின் கை அக்குழுமத்தில் ஓங்கியது.

கிரிமியாவில் வாக்கெடுப்பு நடப்பதற்கு நான்கு நாட்களே இருந்த 2014 மார்ச் 12 அன்று, ஊடகக் கண்காணிப்பு அமைப்பான ரொசுகொம்நத்சோர் தளத்துக்கு எச்சரிக்கை விடுத்தது. உக்ரைனிய தேசியவாதி திமித்ரோ யாரோசின் கூற்றுகளுக்கு ஒரு நேர்காணலில் இணைப்புக் கொடுத்திருந்ததே காரணம். அன்றே மாமுத் திம்சென்கோவை நீக்கினார். தளத்தை முடக்க வேண்டிய தேவை அரசுக்கு எழவில்லை. உரிமையாளரின் ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்தது. செய்தியாளர்கள் பலர் பதவி விலகினர். அவர்களுள் சிலருடன் திம்சென்கோ அதே ஆண்டு அக்டோபரில் லாத்வியாவின் ரீகாவிலிருந்து மெதுசா தளத்தைத் தொடங்கினார்.

அரசு பெரும்பான்மைப் பங்கு வைத்துள்ள சுபெர்பேங்க் 2020 இல் ராம்ப்ளரை முழுமையாகத் தன்வசப்படுத்தியது. ஆயினும் 2022 மே 9 அன்று, லென்டாவில் பணியாற்றிய இருவர் உக்ரைன் போரையும் புட்டினையும் கண்டிக்கும் பல கட்டுரைகளைத் தளத்திலேயே வெளியிட்டனர். நிர்வாகத்தின் ஒப்புதல் இன்றி வெளியிடப்படுவதாகவும், நீக்கப்படுமுன் படமெடுத்து வைத்துக்கொள்ளுமாறும் அவற்றில் குறித்திருந்தனர். அவை விரைவிலேயே நீக்கப்பட்டன.