அடுத்தது வருதாம்... அப்போ கையில் இருப்பது?

"ஜிடிஏ 6 வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

2023 டிசம்பருக்குப் பிறகு இந்த வசனத்தைக் கேட்காத கல்லூரி விடுதி இருக்காது. அந்த மாதம்தான் ராக்ஸ்டார் நிறுவனம் முதல் டிரெய்லரை வெளியிட்டது. முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் தள்ளி 2026 நவம்பர் 19 என்றார்கள். இதற்கு முந்தைய ஜிடிஏ 5 வந்தது 2013 செப்டம்பரில். அன்றைக்குப் பத்தாம் வகுப்பில் இருந்த பையனுக்கு இப்போது வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

காத்திருப்பது ஒரு சுகம்தான், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு, கையில் இருக்கும் விளையாட்டை என்ன செய்கிறது? நேற்று வரை ராத்திரி இரண்டு மணி வரை உட்காரவைத்த அதே விளையாட்டு, டிரெய்லர் வந்த மறுநாள் "பழசு" ஆகிவிடுகிறதே, ஏன்? அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது பார்க்கிற கண்.

இந்த நோய்க்கு வணிக உலகில் ஒரு பெயர் உண்டு: ஆஸ்போர்ன் விளைவு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் சின்ன வயதில் ஓடித் திரிந்தது நம்ம திருவண்ணாமலையில் என்பது பலருக்குத் தெரியாது. கதையை அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

திருவண்ணாமலைப் பையன்

ஆடம் ஆஸ்போர்ன் பிறந்தது 1939-இல், பாங்காக்கில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், ரமண மகரிஷியின் பக்தர். பின்னாளில் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர்தான். இரண்டாம் உலகப் போரில் அப்பா பாங்காக்கில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தபோது, அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ஆடமின் பிள்ளைப் பருவம் அருணாசல மலையடிவாரத்தில் போனது. பிறகு இங்கிலாந்து, அதன்பின் அமெரிக்கா. வேதிப் பொறியியல் படித்து, அதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் புத்தகம் எழுதி, புத்தகக் கம்பெனி நடத்தி, அதையும் விற்றுவிட்டுக் கம்ப்யூட்டரே செய்யப் புறப்பட்டார்.

1981 ஏப்ரலில் ஆஸ்போர்ன் 1 வந்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர் என்று விளம்பரம். எடை ஏறக்குறைய 11 கிலோ! தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். திரை வெறும் 5 அங்குலம். ஆனாலும் 1,795 டாலருக்கு இயந்திரத்தோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். அவற்றைத் தனியாக வாங்கினால் பெரிய தொகை ஆகும். சரக்கு பறந்தது. உச்சத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் வரை விற்றது.

1983-இன் தொடக்கத்தில் அடுத்த மாடலான 'எக்ஸிகியூட்டிவ்' பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே பேசினார். திரை பெரிது, வசதி அதிகம். கேட்ட கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்கள் "புதுசே வரட்டும்" என்று பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். கிடங்கில் சரக்கு, கல்லாவில் காற்று. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு வாய்ச்சொல்லால் மட்டும் கம்பெனி விழுந்துவிடவில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 9 அங்குலத் திரையோடு கேப்ரோ 1,595 டாலருக்குச் சந்தையில் இருந்தது. ஐபிஎம் பிசி அலை எழும்பிக்கொண்டிருந்தது. நிர்வாகத்திலும் ஓட்டைகள். எல்லாம் சேர்ந்துதான் கம்பெனியைக் கவிழ்த்தன. ஆனாலும் பாடப்புத்தகத்தில் நிலைத்தது முன்கூட்டிச் சொன்ன கதைதான். ஆஸ்போர்ன் கடைசிக் காலத்தில் உடல் நலிந்து இந்தியாவுக்கே திரும்பினார். 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

கவனியுங்கள். ஆஸ்போர்ன் 1 கெட்டுப்போகவில்லை. வேர்ட்ஸ்டார் நேற்று போலவே இன்றும் ஓடியது. ஆனால் "இன்னும் கொஞ்ச நாளில் இதைவிட நல்லது" என்ற ஒரு செய்தி அதன் மதிப்பைத் தின்றுவிட்டது.

சேகா இரண்டு முறை வாங்கிய அடி

கம்ப்யூட்டரில் நடந்தது விளையாட்டு உலகத்தில் இன்னும் பலமாக நடந்தது. சேகா சாட்டர்ன் 1994 நவம்பரில் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் சோனியின் பிளேஸ்டேஷன் முன்னால் அது தடுமாறியது. 1997 ஜூனில், அமெரிக்க சேகாவின் பொறுப்பில் வந்த பெர்னி ஸ்டோலர், கம்பெனியின் எதிர்காலம் சாட்டர்ன் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அடுத்த இயந்திரமான டிரீம்காஸ்ட் அமெரிக்காவுக்கு வந்ததோ 1999 செப்டம்பர் 9-இல். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி!

அந்த இடைவெளியில் சாட்டர்ன் வைத்திருந்தவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அப்பா அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய பெட்டி அது. விற்றவர்களே "இது முடிந்த கதை" என்கிறார்கள். சாட்டர்ன் டிஸ்க் டிரீம்காஸ்ட்டில் ஓடவும் ஓடாது. 1998-இல் அதே சாட்டர்னுக்கு 'பான்சர் டிராகூன் சாகா' வந்தது. அந்த இயந்திரத்தின் மிகச் சிறந்த விளையாட்டுகளில் ஒன்று என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் மிகக் குறைந்த பிரதிகளே அச்சாயின. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த பாயசம் மாதிரி, வந்தது தெரியாமலே போனது.

அடுத்து டிரீம்காஸ்ட்டின் முறை. இப்போது ஆஸ்போர்ன் வேலையைச் செய்தது சேகா அல்ல, எதிரி! டிரீம்காஸ்ட் அமெரிக்காவுக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே, 1999 மார்ச்சில், பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று சோனி அறிவித்தது. அது அமெரிக்கக் கடைக்கு வந்தது 2000 அக்டோபரில். அதுவரை "பொறுத்து வாங்கலாம்" என்றவர்கள் ஏராளம். சோல் கேலிபர், ஷென்மூ என்று நல்ல விளையாட்டுகள் டிரீம்காஸ்ட்டில் இருந்தன. இருந்தும் என்ன? 2001 ஜனவரி 31 அன்று, டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. சேகா இயந்திரம் செய்யும் தொழிலை விட்டே வெளியேறியது.

அதே அறிவிப்பு, வேறு முடிவு

இங்கேதான் ஒரு கேள்வி. பிளேஸ்டேஷன் 2 பற்றிச் சோனி ஒரு வருடம் முன்பே சொன்னதே, அது சோனியின் சொந்த முதல் பிளேஸ்டேஷனைக் கொன்றிருக்க வேண்டாமா?

கொல்லவில்லை. முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க்குகள் புதிய பெட்டியிலும் ஓடும் என்று சோனி சொல்லியிருந்தது, செய்தும் காட்டியது. ஆகவே 1999-இல் ஒரு டிஸ்க் வாங்கினால் அது வீண் இல்லை. புதுசு வந்தாலும் உடன் வரும். 2000-இல் பழைய இயந்திரத்தையே சின்னதாக்கிப் 'பிஎஸ் ஒன்' என்று விற்றார்கள். அந்த வரிசை 2006 வரை தயாரிப்பில் இருந்தது. மொத்தம் பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

விலை, விளையாட்டுகளின் எண்ணிக்கை என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் வித்தியாசம் தெரிகிறதா? காத்திருப்பு இரண்டிலும் உண்டு. சாட்டர்னில், வருவது இருப்பதன் இடத்தைப் பிடுங்க வந்தது. பிளேஸ்டேஷனில், வருவது இருப்பதையும் சேர்த்துக்கொண்டு வந்தது. முதலாவது ருசியைக் கெடுக்கும், இரண்டாவது கெடுக்காது.

நம் ஊர்க் கதை: பப்ஜியும் ஃபௌஜியும்

அமெரிக்கா, ஜப்பான் கதை போதும். நம் பக்கத்துக்கு வருவோம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. லாக்டவுன் காலம். நன்னிலத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும், பையன்கள் சிக்னல் கிடைக்கிற இடம் தேடி உட்கார்ந்து ஆடிய விளையாட்டு அது. அக்டோபர் 30 அன்று சர்வரும் நின்றது.

தடை வந்த இரண்டாம் நாளே, செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்ஷய் குமார் 'ஃபௌஜி' என்ற விளையாட்டை அறிவித்தார். செய்வது பெங்களூரின் என்கோர் கேம்ஸ். பெயரே பப்ஜி மாதிரி ஒலித்ததா, எல்லோரும் அதைப் பப்ஜியின் வாரிசு என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். முன்பதிவு லட்சக்கணக்கில் குவிந்தது. 2021 ஜனவரி 26 அன்று விளையாட்டு வந்தது. திறந்து பார்த்தால் கல்வான் பள்ளத்தாக்கில் நடக்கும் ஒற்றை ஆள் சண்டை. நூறு பேர் குதிக்கும் பேட்டில் ராயல் அதில் இல்லை. சில நாளிலேயே கூகுள் பிளேயில் மதிப்பெண் சரிந்தது. மக்கள் மதிப்பெண் போட்டது ஃபௌஜிக்கா, ஐந்து மாதமாகத் தங்கள் மனதுக்குள் விளையாடிய வேறொரு விளையாட்டுக்கா?

2021 ஜூலை 2-இல் பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலையில் கடையிலிருந்து காணாமல் போனது. 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைபட்டது. 2023 செப்டம்பர் 5 அன்று 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' வருகிறது, தோனியே தூதுவர் என்றார்கள். முந்தின நாள், சில வாரம் தள்ளிப்போகிறது என்றார்கள். அந்தச் சில வாரம் வருடம் தாண்டியது. ஒரு தலைமுறைப் பையன்களின் பள்ளி வயதில் பெரும்பகுதி "வருதாம், வருதாம்" என்பதிலேயே போனது. நடுவில் போனில் வேறு எத்தனையோ நல்ல விளையாட்டுகள் இருந்தன. "இது பப்ஜி மாதிரி இல்லை" என்ற ஒரே குற்றத்துக்காக அவை பாதியில் அழிக்கப்பட்டன.

காத்திருந்து ருசித்தவர்கள்

அப்படியென்றால் எதிர்பார்ப்பே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. 1950 அக்டோபரில் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. முடிய மூன்றரை வருடம் ஆனது. வாராவாரம் காத்திருப்பு. ஆனால் அடுத்த வாரத்து அத்தியாயத்தை நினைத்து யாரும் இந்த வாரத்து அத்தியாயத்தைப் புரட்டாமல் வைக்கவில்லை. இதைப் படித்தால்தான் அது புரியும்! வருவது இருப்பதன் மேல் ஏறி நிற்கிறது. கதை முழுக்கத் தெரிந்த பிறகும் அதே இதழ் அதை மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டது. வாசகர்களும் மறுபடி காத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கம், 90-களின் டிவி கேம் பிள்ளைகள். ஜப்பானில் 1983-இல் வந்த ஃபாமிகாமின் நகல் இயந்திரங்கள்தான் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நம் வீடுகளுக்கு வந்தன. மஞ்சள் கேசட், மரியோ, கான்ட்ரா. வெளியுலகில் பிளேஸ்டேஷனே வந்துவிட்ட செய்தி இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எட்டவில்லை. ஒரே கேசட்டை வருடக்கணக்கில் சலிக்காமல் ஆடியதற்கு, அந்தச் செய்தி எட்டாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்றைக்கு அந்த அறியாமை திரும்ப வராது. டிரெய்லர் தானாகவே போனுக்கு வந்து சேரும். ஆகவே செய்தியைத் தடுப்பது வழி அல்ல. வேறு வழி நன்னிலம் வயல்களிலேயே இருக்கிறது. தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, கதிர் நிற்கும்போதே வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளிப்பார்கள். அடுத்த பயிர் மண்ணில் விழுந்தாயிற்று. அதற்காக நிற்கும் நெல்லை யாராவது "பழசு" என்று அறுக்காமல் விடுவார்களா? உளுந்து முளைக்கப்போவதே அந்த நெல்லுக்குக் கட்டிய தண்ணீரின் ஈரத்தில்தான்.

ஜிடிஏ 6-க்கும் இதே கணக்கு பொருந்தும். அந்தக் கதை நடக்கப்போவது வைஸ் சிட்டியில். 2003-இல் பிசிக்கு வந்து நம் பிரவுசிங் சென்டர்களைக் கலக்கிய அதே ஊர்ப் பெயர். பழைய வைஸ் சிட்டியில் பைக்கில் சுற்றியவனுக்குத்தான் புதிய தெருவைப் பார்க்கும்போது மனசு துள்ளும். பழசை ஆடாமல் புதுசுக்குக் காத்திருப்பவனுக்கு, வந்து சேர்வது இன்னொரு ஊர், அவ்வளவுதான்.

வருவது வரட்டும். விளையாடிக்கொண்டே காத்திருப்போம்.