சுவருக்குள் கிடக்கும் வயரில் இணையம்: மன்னார் வீடொன்றின் அனுபவம்

மன்னார்த் தீவுக்குப் போகும்போதெல்லாம் நான் தங்குவது மாமியின் வீட்டில். 1990இல் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியபோது பூட்டிவிட்டுப் போன வீடு அது. யுத்தம் முடிந்தபின் வெளிநாட்டிலுள்ள மச்சான் அனுப்பிய காசில் திருத்தியிருக்கிறார்கள். பழைய சுவர்கள் தடிப்பானவை. முன் விறாந்தையிலுள்ள ரவுட்டரின் வைஃபை பின் அறைக்கு ஒழுங்காக வருவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் என்னுடன் கதைப்பது அந்தப் பின் அறையில்தான். தெருவுக்குக் கேட்காத இடம் அது ஒன்றே. ஒரு தாயின் இரண்டு மணி நேரப் பதிவை அனுப்பும்போது தொடர்பு திரும்பத் திரும்ப அறுந்தது. பிரதி எடுக்க முன்னர் என் கைபேசி பழுதாகியது. அதே கதையை மறுபடி சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் அறைகளில் பாவிக்காமல் கிடந்த தொலைபேசிப் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தேன்.

என்ன வயர்?

வயரின் மேலுறையில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். ‘கேட் 5இ’ என்றிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உள்ளே எட்டு வயர்கள் நான்கு சோடிகளாக முறுக்கியிருக்கும். 100 மீற்றர் வரை செக்கனுக்கு 1 கிகாபிற் வேகம் தாங்கும். எங்கள் வீட்டில் இருந்தது அதுதான். வயரிங் செய்தவர் தொலைபேசிக்கு ஒரு சோடியை மட்டும் இணைத்துவிட்டு மற்ற ஆறு வயர்களையும் சும்மா விட்டிருந்தார்.

இரண்டு அல்லது நான்கு வயர் மட்டுமுள்ள சாதாரண தொலைபேசிக் கேபிளை நம்ப வேண்டாம். அது பிவிசி குழாய்க்குள் இருந்தால், அதன் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்துவிடலாம். சுவரை உடைக்கத் தேவையில்லை. ரிவி அன்ரெனாவின் தடித்த கேபிள் இருந்தால், ‘மோகா’ அடப்டர் இரண்டை இரு முனைகளிலும் பூட்டலாம். அதற்கு முன் அன்ரெனாவைக் கழற்றிவிடுங்கள்.

எப்படி இணைப்பது?

முதலில் வெளிக் கம்பத்திலிருந்து வரும் தொலைபேசி வயரை அந்தக் கேபிளிலிருந்து முற்றாகப் பிரியுங்கள். மணி அடிக்கும்போது அதில் வரும் மின்னழுத்தம் கருவிகளைப் பழுதாக்கும்.

பிறகு எல்லா வயரும் எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் மின்மானிக்கு அருகே ஒரு பெட்டியில் சேர்ந்தன. அங்கே ஒரு சிறிய சுவிட்சை வைத்து, ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் அறைகளுக்குப் போகும் கேபிள்களையும் அதில் செருகினோம். பெட்டிக்குப் பெட்டி தொடராக வயர் ஓடியிருந்தால், இடையிலுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சுவிட்ச் வேண்டும்.

இரு முனையிலும் ஒரே நிற வரிசை இருக்க வேண்டும்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

உப்புக்காற்றின் வேலை

எங்கள் பின் அறையில் வேகம் 100 மெகாபிற்றுக்கு மேல் ஏறவில்லை. வழமையாக இது ஏதோ ஒரு சோடி தொடுப்பில்லாததன் அடையாளம். நான்கு சோடியும் சரியாக இருந்தால்தான் 1 கிகாபிற் வரும். கழற்றிப் பார்த்தால் செம்பு பச்சை பிடித்திருந்தது. மினுங்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மறுபடி பூட்டினோம். கடற்கரை வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மின்சார வயரிலேயே இணையத்தைக் கொண்டுபோகும் ‘பவர்லைன்’ அடப்டரும் உண்டு. அதை நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள். எக்ஸ்ரென்ஷன் வயரில் வேகம் விழும். 230 வோல்ற் ஓடும் வயரில் மட்டும் நீங்களாகக் கைவைக்க வேண்டாம். அதற்கு மின்னிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். மாரி காலத்தில் இடி முழங்கினால் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள்.

2022இன் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறக்கவில்லை. ரவுட்டர், சுவிட்ச் இரண்டுக்கும் பொருத்தமான சிறிய பற்றரியொன்று இருந்தால் வீட்டு வலையமைப்பு தொடர்ந்து இயங்கும்.

ஒன்றை நினைவில் வைத்திருங்கள். வயர் காப்பது வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே போகும் பதிவைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியே அனுப்புங்கள்.

இப்போது ஒரு தாய் கதைத்து முடித்து, மாமி கொடுத்த தேநீரைக் குடித்து எழும்புவதற்குள் அவருடைய பதிவின் பிரதி வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.