காலைப் பாட்டும் சாயங்காலப் பாட்டும்

வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கரையில் சிறுவனாக நின்று ஒலிபெருக்கியில் நான் கேட்ட குரல் ஒன்று உண்டு. விடியற்காலையில் அது முருகனை அழைக்கும்; சாயங்காலம் சினிமாக் காதலியை அழைக்கும். ஊரில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

அமெரிக்காவில் அப்படியல்ல. 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற தேவாலயப் பாட்டுக் கோஷ்டியில் பேர் பெற்ற சாம் குக், 1956-ல் காதல் பாட்டொன்றை வேறு பெயரில் வெளியிட்டார். பக்தர்கள் கோபிப்பார்களே என்ற பயம்! மறு வருஷம் சொந்தப் பெயரில் பாடினார். புகழ் வந்தது, கோஷ்டி போயிற்று.

நான் கேட்ட குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது. 1922-ல் மதுரையில், சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, பஜனையும் கச்சேரியும் பாடிப் பழகியவர். 1950-ல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பின்னணி பாடினார். 1954-ல் 'தூக்குத் தூக்கி' அவரை நிலைநிறுத்தியது. பெயரை மறைக்க அவருக்கு அவசியம் நேரவில்லை. நம் சினிமாப் பாட்டே நாடக மேடையிலிருந்தும் பஜனையிலிருந்தும் இறங்கி வந்ததுதானே? அவரும் பழைய வழியை மறக்கவில்லை. 1962-ல் பட்டினத்தாராகவும், 1964-ல் அருணகிரிநாதராகவும் திரையில் தாமே நடித்துப் பாடினார். முருகன் பாட்டுகளைக் கடைசிவரை விடவில்லை. 2013-ல் மறைந்தார்.

சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத என் பாட்டி, சாயங்காலப் பாட்டையும் நின்று கேட்பாள். நான் சிரித்தால், "என்னடா சிரிக்கிறே? முருகன் பாட்டுப் பாடுற புள்ளைதானே!" என்பாள்.

சாம் குக்குக்கு அப்படி ஒரு பாட்டி வாய்க்கவில்லை போலும்.