மடியில் இருந்த போயிலை

போன மாசம் அத்தை மகன் துபாயிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். அங்கே கட்டடங்களுக்குச் சாரம் கட்டுற வேலை. "அத்தான், நீங்க கம்ப்யூட்டர்காரரு. கீழ விழுந்தா உடையாத, வேர்வை பட்டாலும் கெட்டுப்போகாத, பாக்கெட்ல அடங்குற வேப் எதுன்னு பாத்துச் சொல்லுங்க. மேல காத்துல பீடி பத்த வைக்க முடியல."

பத்து நிமிஷத்துல பதில் போட்டிருக்கலாம். ஆனா அந்தக் கேள்வி எனக்குப் புதுசாத் தெரியல. எங்க ஊர் பூதப்பாண்டியில் வயல்வேலைக்குப் போனவங்க பல தலைமுறைக்கு முன்னாலேயே இதே கேள்விக்கு விடை கண்டுபிடிச்சு மடியில் செருகியிருந்தாங்க.

நாஞ்சில் நாட்டில் நெல் இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. நடவுன்னா இரண்டு கையும் சேற்றில். குனிஞ்ச முதுகு நிமிர நேரம் கிடையாது. பீடிக்கு ஒரு கை வேணும், காய்ஞ்ச விரல் வேணும், நெருப்பு வேணும். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதே 1920களில்தான். தீப்பெட்டி கைக்குக் கிடைக்காதப்போ சக்கிமுக்கிக் கல்லைத் தட்டணும், இல்லேன்னா யார் வீட்டு அடுப்பிலிருந்தாவது கங்கு எடுக்கணும். வெற்றிலைக்கு இது எதுவும் வேண்டாம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு போயிலை. வாயில் அடக்கிட்டா கை இரண்டும் வேலைக்கு. திண்ணையில் உட்கார்ந்தவருக்குப் பித்தளைச் செல்லம். வயலில் நின்னவளுக்குச் சுருக்குப்பை.

அந்தப் போயிலை இந்த ஊர்ச் சரக்கு இல்லை. புகையிலைச் செடியே போர்த்துக்கீசியர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1956 நவம்பர் 1 வரை நாங்க திருவிதாங்கூர்க்காரங்க. அந்தச் சமஸ்தானத்துக்குப் பெரும்பங்கு புகையிலை கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. விற்பனை அரசாங்கத்தின் ஏகபோகம், திவான் டி. மாதவராவ் காலத்தில், 1860களில்தான் அதை விட்டுட்டு இறக்குமதி வரிக்கு மாறினாங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் திருநெல்வேலிச் சீமை, நடுவில் சுங்கச் சௌக்கை. நடவுக்காரி வாயில் அடக்கிய துண்டுக்கும் அரண்மனைக் கஜானாவுக்கும் நேரடிக் கணக்கு இருந்தது.

பீடி வேற வகை வேலைக்கு வந்த கருவி. தெண்டு இலையில் சுமார் 0.2 கிராம் தூள். இழுக்காம விட்டா தானே அணைஞ்சுபோகும். குறைன்னு தோணும், ஆனா சுமை இறக்குறவருக்கு அதுதான் வசதி. கூப்பிட்டா பாதியில் அணைச்சுக் காதில் செருகலாம், மிச்சத்தை அப்புறம் பத்த வைக்கலாம்.

வேப் இந்த வரிசையில் கடைசி. சீன மருந்தாளர் ஹான் லிக் 2003 வாக்கில் உருவாக்கினது. தமிழ்நாடு 2018லேயே தடை செஞ்சது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாத்துக்கும் தடை. முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அமீரகத்தில் அதே 2019ல் விற்பனைக்கு அனுமதி கொடுத்தாங்க. ஆக, அவன் அங்கே கடையில் வாங்குறது இங்கே குற்றச் சரக்கு.

இந்த மூணையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தேன். எதையும் ஆள் தேர்ந்தெடுக்கலை, வேலைதான் தேர்ந்தெடுத்திருக்கு. எந்தக் கை காலியா இருக்கு, எத்தனை நிமிஷம் நிற்கலாம், இதுதான் அளவுகோல். நிகோடின் பசியை மட்டுப்படுத்தும். கஞ்சி வர நேரமானாலும் நடவு நிற்காது. "உழைப்பாளிக்கு ஏத்த கருவி"ன்னா, வேலையை நிறுத்தாம இருக்க உதவுற கருவின்னுதான் அர்த்தம்.

அதுக்கான விலையை உடம்பு கொடுத்தது. 2016–17 தேசிய ஆய்வில், இந்தியாவில் வயசு வந்தவங்கள்ல புகைப்பவர் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர் 21.4 சதவீதம், சரியா இரண்டு மடங்கு. புகையிலை சேர்ந்த வெற்றிலை மட்டுமில்லை, வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லியிருக்கு.

ஆச்சிக்குக் கன்னத்தின் உள்பக்கம் புண் வந்தது. "சுண்ணாம்பு கூடிப்போச்சு"ன்னு அவளே சொல்லிக்கிட்டா. அது ஆறவே இல்லை. அவ எனக்கு அப்பாவைப் பெத்தவ, அவனுக்கு அம்மாவைப் பெத்தவ. அவ போனப்போ அவன் கைக்குழந்தை.

அவனுக்குப் போன் போட்டேன். முதல்ல என் துறைக்காரனாப் பதில் சொன்னேன்: "மாப்ளே, ஐபோனையே 35 டிகிரி சூட்டுக்கு மேல பயன்படுத்தாதேன்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான். அங்க வெயில் 45. வேப்லயும் அதே லித்தியம் பேட்டரிதான், நசுங்கினா தீப்பிடிக்கும். சாரத்து மேல அது தொடைப் பாக்கெட்ல. லீவுக்கு வாறப்போ பெட்டியிலயும் போட்டுராத."

அப்புறம் ஆச்சி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "எனக்கு யாரும் சொல்லலையே அத்தான்"ன்னான்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படித் தடை. அந்த நேரம் ஒழுங்காக் கிடைக்குதான்னு கேட்டேன். கிடைக்குதாம். "மத்த மாசம்?"னு கேட்டேன். "அதுக்குத்தானே அத்தான் வேப் கேட்டேன்"ன்னான்.